நடையைக் கவனிப்போம், பட்டியல் போட வேண்டாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவரான நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



தலைவர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும் நன்றி. “சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள்” என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

அடுத்த மாதம் நம் சங்கம் ஒரு நடைப் போட்டி நடத்தப் போகிறது. கலந்துகொள்பவர்கள் தங்கள் கடிகாரமோ கைப்பேசியோ காட்டும் அடிகளின் எண்ணிக்கையை இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். தினமும் ஒரு தரவரிசைப் பட்டியல் வரும். மாதக் கடைசியில் முதல் மூன்று பேருக்குப் பரிசு. எண்ணம் நல்லது. நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முழங்கால். நடக்கச் சொல்வதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. அந்தப் பட்டியலில்தான் எனக்கு ஒரு கவலை. அதைச் சொல்லிவிட்டு, உங்களிடம் சில கோரிக்கைகள் வைக்கப் போகிறேன்.

ஒரு கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டியலில் ஒருவர் முதல் வாரம் நாளுக்கு 6,000 அடி போடுகிறார். இரண்டாம் வாரம் 14,000. மூன்றாம் வாரம் 26,000. இரவு 2 மணிக்கு மொட்டை மாடியில் நடக்கிறார், 4 மணிக்குக் கார் கழுவுகிறார். நாம் என்ன செய்வோம்? கைதட்டும் படம் போடுவோம். “சூப்பர் சார்” என்று எழுதுவோம்.

இன்னொருவர் 5,000 அடியில் ஆரம்பிக்கிறார். அடுத்த வாரம் 2,000. அதற்கடுத்த வாரம் 600. பட்டியலில் கடைசி இடம். ஒரு நாள் எண் போடுவதையே நிறுத்திவிடுகிறார். நாம் என்ன செய்வோம்? பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டோம். போட்டியில் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டு பேருக்கும் உடனடியாக டாக்டர் தேவைப்படலாம். ஒருவருக்கு நாம் பரிசு கொடுத்திருப்போம். மற்றவரை மறந்திருப்போம். என் கவலை இதுதான்.

மனதின் நோய் உடம்பில் தெரியும்

மனநிலைக் கோளாறுகள் என்று டாக்டர்கள் சொல்வதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன். மற்றது இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார். இதில் சில காலம் மனச்சோர்வும், சில காலம் அதற்கு நேர்மாறான மனவெழுச்சியும் வரும்.

மனம் என்றாலே கண்ணுக்குத் தெரியாதது, அவரவர் வாயால் சொன்னால்தான் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின், சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இந்த நோயை 1899-ல் தம் பாடநூலில் ஒரே நோயாக வகைப்படுத்தினார். அவர் நோயாளிகள் பேசியதைக் கேட்டதோடு நிற்கவில்லை. அவர்கள் எப்படி எழுந்தார்கள், எப்படிக் கையை நீட்டினார்கள், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்றெல்லாம் பார்த்தார். சோர்வில் உடல் அசைவும் சிந்தனையும் சேர்ந்தே மெதுவாகின்றன என்று எழுதினார்.

இன்றைக்கு மனச்சோர்வைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும் அடையாளங்களில் ஒன்று இதே அசைவுதான்: வழக்கத்தைவிட மெதுவாகிவிடுவது, அல்லது உட்கார முடியாமல் தவித்துக்கொண்டே இருப்பது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. ‘எனக்கு மெதுவாக இருப்பது போலத் தோன்றுகிறது’ என்று நோயாளி சொன்னால் போதாது. பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். மற்ற பல அடையாளங்களுக்கு நோயாளியின் வாக்குமூலம் வேண்டும். இதற்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். அதனால்தான் இந்தப் பேச்சை மருத்துவமனையில் பேசாமல் நம் கீழ்த்தளத்தில் பேசுகிறேன்.

மனவெழுச்சிக்கும் இது பொருந்தும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தன் கையேட்டைத் திருத்தியபோது, மனவெழுச்சிக்கு மிதமிஞ்சிய உற்சாகமோ எரிச்சலோ மட்டும் போதாது, கூடவே செயல்பாடோ சக்தியோ அதிகரித்திருக்க வேண்டும் என்று முதன்மை நிபந்தனையிலேயே சேர்த்தது. ஆக, அசைவு இந்த நோய்களின் ஓரத்தில் இருக்கும் சங்கதி இல்லை. நடுவில் இருக்கிறது.

கடிகாரம் எதை எண்ணுகிறது?

நம் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்துக்குள் மிகச் சிறிய முடுக்கமானி ஒன்று இருக்கிறது. கை எவ்வளவு வேகமாகத் தன் நகர்வை மாற்றுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆய்வுகளுக்கென்றே செய்த கருவியை ஆக்டிகிராஃப் என்பார்கள். அது அடிகளை எண்ணுவதோடு, நாள் முழுவதும், தூக்கத்திலும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் இவ்வளவு அசைவு என்று ஓர் எண்ணைப் பதிந்துகொண்டே போகும்.

நார்வே நாட்டில் பெர்கன் நகரத்து ஹாக்லாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் இப்படிச் செய்தார்கள். மனச்சோர்வில் இருந்த 23 பேருக்கும், நோய் இல்லாத 32 பேருக்கும் வலது மணிக்கட்டில் கருவியைக் கட்டிப் பல நாட்கள் அசைவைப் பதிந்தார்கள். அந்தக் கருவி நொடிக்கு 32 முறை அளந்தது. அந்தப் பதிவுகளை 2018-ல் உலகத்து ஆய்வாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தார்கள், பெயர் அடையாளம் எதுவும் இல்லாமல். நோயாளிகளின் சராசரி அசைவு குறைவாக இருந்தது. ஆனால் இரண்டு கூட்டத்தையும் கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை. நோய் உள்ளவர் சிலர் நிறைய அசைந்தார்கள். நோய் இல்லாதவர் சிலர் கொஞ்சமாக அசைந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

மொத்த அசைவைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பகலும் இரவும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. ஒரு நாளில் ஒருவர் மிக அதிகமாக அசையும் 10 மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். மிகக் குறைவாக அசையும் 5 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டின் வித்தியாசத்தை, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு நானே போட்ட கணக்கு: பகல் சராசரி 900, இரவு சராசரி 20 என்றால், 880-ஐ 920-ஆல் வகுத்தால் 0.96 வரும். பகல் 400, இரவு 100 என்றால், 300-ஐ 500-ஆல் வகுக்க 0.6 வரும். முதல் ஆள் பகலில் பகலாக, இரவில் இரவாக இருக்கிறார். இரண்டாம் ஆளுக்குப் பகலும் பாதி, இரவும் பாதி.

பிரிட்டனில் யு.கே. பயோபேங்க் என்ற பெரிய ஆய்வுத் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தவர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் 2013 முதல் 2015 வரையிலான காலத்தில் ஆளுக்கு ஒரு வாரம் கருவியைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் 91,105 பேரின் பதிவுகளை வைத்து 2018-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பகல் இரவு வேறுபாடு குறைந்தவர்களிடம் மனச்சோர்வும் இருதுருவக் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டன. தனிமை உணர்வும் கூடுதல். இதில் எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தாளம் கெட்டதால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் தாளம் கெட்டதா என்பது வேறு கேள்வி.

முன்னே வருவது எது?

அந்தக் கேள்விக்கு ஒரு பகுதி பதில் 2019-ல் வந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த கேத்லீன் மெரிகாங்கஸ் குழு 242 பேரை இரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தது. கையில் கருவி அசைவை அளந்தது. கூடவே அவர்கள் நாளுக்கு நான்கு முறை ‘இப்போது மனம் எப்படி இருக்கிறது, உடம்பில் சக்தி எப்படி இருக்கிறது’ என்று பதில் சொன்னார்கள்.

மனம் தெளிந்தால் அசைவு கூடும் என்றுதானே நாம் நினைப்போம்? பதிவுகளில் தெரிந்தது வேறு. அசைவு கூடிய பிறகு, அடுத்த முறை கேட்டபோது மனநிலை மேலேறியிருந்தது. மனநிலை ஏறியதால் பின்னால் அசைவு கூடியதாகத் தெரியவில்லை. நடை முன்னே, மனம் பின்னே. இருதுருவக் கோளாறு உள்ளவர்களிடம் அசைவு, சக்தி, உறக்கம் மூன்றும் ஒன்றையொன்று இன்னும் பலமாக ஆட்டிவைத்தன.

இதை வைத்தே வைத்தியம் செய்ய முடியுமா? நம் நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு திட்டம் நடத்தியது. நடுத்தரத்துக்கு மேல் கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேர் கலந்துகொண்டார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். அவர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துச் செய்த வேலை எளிமையானது. முன்பு பிடித்திருந்த, இப்போது விட்டுப்போன சின்னச் சின்னக் காரியங்களை மீண்டும் நாளுக்குள் கொண்டுவர உதவினார்கள். வாசலுக்கு வருவது, கடைக்குப் போவது, தோழியைப் பார்ப்பது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்த உதவி கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோய் எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். டாக்டரின் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். 2017-ல் வெளியான முடிவு இது.

ஆகவே அசைவு இரண்டு வேலை செய்கிறது. நோயின் அறிகுறியாகவும் இருக்கிறது, மருந்தின் ஒரு பங்காகவும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இது மனச்சோர்வுக்குச் சொன்னது. மனவெழுச்சியில் இருப்பவரை ‘இன்னும் நடங்கள்’ என்று தள்ளக் கூடாது. அவருக்கு அப்போது தேவை உறக்கம், அமைதி, டாக்டர்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு, நாளைக்கே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து ‘எனக்கு டிப்ரஷன், உனக்கு பைபோலார்’ என்று சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். நார்வே ஆய்வில் இரண்டு கூட்டமும் கலந்து கிடந்ததைச் சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு.

மணிக்கட்டு என்பது முழு உடம்பு இல்லை. சைக்கிள் ஓட்டும்போது கால் உழைக்கிறது, கை கைப்பிடியில் கிடக்கிறது. கடிகாரத்துக்கு அது ஓய்வு. சப்பாத்தி மாவு பிசைந்தால், கோலம் போட்டால் கை அசையும், அடி ஏறாது. குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டரில் போனால் உட்கார்ந்தபடியே அசைவு ஏறும். கைப்பேசியில் அடி எண்ணுபவர்கள் விஷயம் இன்னும் மோசம். நம் வீட்டுப் பெண்கள் பலர் போனை அலமாரியில் வைத்துவிட்டுக் காலை 5 மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். போனைக் கேட்டால் அவர்கள் மதியம் வரை ஓர் அடிகூட வைக்கவில்லை என்று சொல்லும்.

அசைவு குறைய மனம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முழங்கால் தேய்மானம், ரத்தசோகை, தைராய்டு குறைவு, பார்க்கின்சன் நோய் எல்லாமே நடையைக் குறைக்கும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மந்தமாக்கும். வேறு சில மாத்திரைகள் உட்கார முடியாத தவிப்பைக் கொண்டுவரும். அதைக் கடிகாரம் சுறுசுறுப்பு என்று எழுதிக்கொள்ளும்.

பிறகு நம் ஊர் வெயில். சித்திரை வைகாசியில் புதுக்கோட்டையில் 11 மணிக்கு மேல் யார் வெளியே நடப்பார்கள்? நார்வேக்காரர் எண்ணை எடுத்து நம் மேல் ஒட்ட முடியாது. மே மாதத்து உங்களை டிசம்பர் மாதத்து உங்களோடும் ஒப்பிட முடியாது. வெயில் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடும் வெயிலில் வேர்க்க வேர்க்க நடந்து, தண்ணீர் குடிக்காமல் விட்டால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அது ஆபத்து. தண்ணீர், உப்பு, நடக்கும் நேரம் பற்றி உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

10,000 அடி என்ற கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் போட்டியின் இலக்கு அதுதான். அது எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ‘மன்போ-கேய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பெயர் வைத்தது. விளம்பரப் பெயர் உலகத்துக்கே சட்டமாகிவிட்டது. 3,000 அடி நடக்கிற 75 வயது அம்மாவுக்கு அந்த 3,000 தினமும் தவறாமல் வருவதுதான் பெரிய செய்தி.

ஆக, அசைவை அளப்பதில் பயன் ஒரே இடத்தில்தான். ஒருவரை அவரோடு ஒப்பிட வேண்டும். அவருடைய போன மாதத்தோடு இந்த மாதம். வழக்கமாக இருந்த தாளம் இரண்டு வாரமாக மாறியிருக்கிறதா, உறக்கமும் சேர்ந்து மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் அது டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டிய தகவல். தீர்ப்பு இல்லை. நம் தரவரிசைப் பட்டியல் இதற்கு நேர்மாறாக ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடுகிறது. அதனால்தான் அதில் மனநிலை பற்றிய செய்தி ஒளிந்துபோகிறது.

நம் மாவட்டம் இரண்டு முறை காட்டியது

இந்த விஷயத்தில் புதுக்கோட்டைக்குச் சொல்லிக்கொள்ள இரண்டு கதைகள் உண்டு.

முதலாவது 1990-களின் தொடக்கத்தில் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார், அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். இங்கே உட்கார்ந்திருக்கும் சில அக்காமார்களே அன்றைக்கு ஓட்டியவர்களாக இருப்பீர்கள். அது மனநோய்க்கான வைத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாரும் கிலோமீட்டர் எண்ணவில்லை, தரவரிசை போடவில்லை. கூட்டாகக் கற்றார்கள், விழுந்தவரைத் தூக்கிவிட்டார்கள், போக வேண்டிய இடத்துக்குத் தாமே போனார்கள். உடம்பை அசைய வைப்பதற்கு நம் ஊருக்குத் தெரிந்த வழி இது.

இரண்டாவது கதை பலருக்குத் தெரியாது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் 1984 முதல் இயங்குகிறது. டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. டாக்டர் தாரா பல ஆண்டுகள் நடத்தினார். அவர்கள் 2010-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பேருந்தை அனுப்பினார்கள். பேருந்துக்குள் ஆலோசனை அறை, திரை, மருந்தகம். கிராமத்தில் நோயாளி உட்காருவார், சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் அவரோடு பேசுவார், மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். திரையில் டாக்டருக்கு முகம் தெரியும். ஆனால் நோயாளி வீட்டில் காலையில் எழுந்தாரா, மாட்டைக் கட்டினாரா, இரவில் உலாவினாரா என்பது திரையில் தெரியாது. அதை வீட்டாரும் ஊருக்குள்ளிருந்தே வந்த களப்பணியாளர்களும்தான் சொல்ல வேண்டும். கடிகாரம் வருவதற்கு முன்பே அசைவை அளந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

இப்படி யாராவது கவனித்துச் சொன்னால்தான் நோய் டாக்டரிடம் போய்ச் சேர்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. இருதுருவக் கோளாறில் சுமார் 70 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். கிராமத்தில் திண்ணை இருந்தது. மூன்று நாள் திண்ணைக்கு வராதவரை நான்காம் நாள் தேடிப் போனார்கள். நம்மிடம் லிஃப்ட் இருக்கிறது, பூட்டிய கதவு இருக்கிறது.

நான் கேட்டுக்கொள்வது

சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன்.

முதலாவது, நடை மாதத்தை நடத்துவோம். தரவரிசைப் பட்டியலை விட்டுவிடுவோம். யாருடைய எண்ணும் குழுவில் வர வேண்டாம். ஒருவருடைய அசைவும் உறக்கமும் அவருடைய உடல்நலத் தகவல். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களை மருத்துவமனையே ரகசியமாகக் காக்க வேண்டும் என்று சொல்கிறது. மருத்துவமனைக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, 120 பேர் இருக்கும் நம் குழுவில் தினமும் இரவு 9 மணிக்கு அதைக் கொட்டுவது சரியா?

இரண்டாவது, பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால் சேர்ந்து நடந்த நாட்களுக்குக் கொடுங்கள். காலை 5.45-க்கு வாசலில் கூடுவோம். யார் மெதுவோ அவர் வேகத்தில் எல்லோரும் நடப்போம். புதுக்குளக் கரை வரை போக முடிந்தவர்கள் போகட்டும். முடியாதவர்கள் நம் கட்டடத்தைச் சுற்றி வரட்டும். வந்தாலே கணக்கு.

மூன்றாவது, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வீட்டார் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வருகிறவர் மூன்று நாள் கண்ணில் படவில்லை என்றால் அழைப்பு மணியை அழுத்துங்கள். “ஏன் வரவில்லை” என்று விசாரணை வேண்டாம். “காபி போட்டிருக்கிறேன், வாங்க” என்றால் போதும். ஒருவர் திடீரென்று உறக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே அக்கறை வேண்டும். குழுவில் பேசாதீர்கள். அவர் வீட்டாரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள்.

நான்காவது, லிஃப்ட் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேஸ் நம்பர்கள் ஒட்டியிருக்கிறோம். அதோடு 14416 என்ற எண்ணையும் ஒட்டுவோம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் முள்ளூரில் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.



உரைக்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்விகள்

*மருந்து சாப்பிட்ட பிறகு என் உறவினர் நன்றாக நடக்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?*

நிறுத்த வேண்டாம். நடை திரும்புவது நல்ல செய்தி, அவ்வளவுதான். உடம்பு முதலில் எழுந்து, மனம் பின்னால் மெதுவாக வருவதும் உண்டு. அந்த இடைவெளியில் கூடுதல் கவனம் தேவை. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் முடிவு.

*ஒரு நாள், இரண்டு நாள் எண் குறைந்தால் பயப்பட வேண்டுமா?*

வேண்டாம். காய்ச்சல், மழை, வீட்டில் விருந்தாளி, எதற்கும் குறையும். இரண்டு வாரம் தொடர்ந்தால், கூடவே உறக்கம், பசி, பேச்சு ஆகியவையும் மாறியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். கடிகாரத்தில் உள்ள பதிவையும் எடுத்துக்கொண்டு போங்கள். “சரியாகத் தூங்குவதில்லை டாக்டர்” என்பதைவிட, “20 நாளாக இரவு 3 மணிக்கு எழுந்துவிடுகிறேன்” என்பது அவருக்கு அதிகம் உதவும்.

*என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கடிகாரம் வாங்கி அனுப்பி, நான் நடப்பதையும் தூங்குவதையும் அங்கிருந்தே பார்க்கிறான். அடி குறைந்தால் போன் போட்டுத் திட்டுகிறான். என்ன செய்வது?*

(சிரிப்பு) அம்மா, அவன் அக்கறையில்தான் பார்க்கிறான். ஆனால் உங்கள் கை உங்களுடையது. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விருப்பம் இல்லாவிட்டால் கழற்றி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: “எண் குறைந்த அன்றைக்கு ஏன் நடக்கவில்லை என்று கேட்காதே, என்னம்மா சமையல் என்று கேள்.” ஐந்து நிமிடம் நீங்கள் பேசும் குரலிலிருந்து அவனுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். நாளைக் காலை 5.45-க்குக் கீழே வந்துவிடுங்கள். கடிகாரம் கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம்.